புதுசா வாங்கிய மினி கம்ப்யூட்டர் இழுக்கிறதே, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் ஓர் ஆபீஸின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. சாயங்காலம் பெங்களூரு முருகேஷ்பாளையாவில் வீடு வந்து சேர்ந்தால், டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். "புதுசு தம்பி, வாங்கி ஒரு வாரம்கூட ஆகலை. ஆனா இழுக்குது." அல்சூர், விவேக் நகர், ஶ்ரீராமபுரம் என்று நம் ஆட்கள் இருக்கிற பக்கமெல்லாம் மினி கம்ப்யூட்டர் பரவிவிட்டது. கடையில் பில் போட, பிள்ளைகள் படிக்க, டிவியில் மாட்டிப் படம் பார்க்க. கேட்கிற கேள்விகளும் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பன்னிரண்டுதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். பெரும்பாலும் விண்டோஸ் 11 போட்ட, இன்டெல் என்100 வகைச் சிப் உள்ள பெட்டிகளை மனதில் வைத்து எழுதியது. வேறு வகை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது. எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றுகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதல் இரண்டு நாள் அது உங்களுக்காக வேலை செய்வதில்லை, தனக்காகச் செய்துகொள்கிறது. நீங்கள் இன்டர்நெட்டில் இணைத்த நிமிடத்திலிருந்து விண்டோஸ் அப்டேட் இறங்குகிறது, உள்ளே உள்ள பாகங்களை ஓட்டும் டிரைவர்கள் இறங்குகின்றன, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்கள் புதுப்பித்துக்கொள்கின்றன, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் முழு டிஸ்க்கையும் துழாவுகிறது, தேடலுக்கான அட்டவணை தயாராகிறது. உங்கள் பழைய போட்டோக்கள் ஒன்டிரைவில் இருந்தால் அதுவும் வரிசையில் நிற்கும். பெரிய சிப் என்றால் இதெல்லாம் நடப்பதே தெரியாது. நான்கு சின்னக் கோர் உள்ள பெட்டிக்கு இது மூச்சு முட்டும் வேலை.

ஆகவே முதல் நாள் ராத்திரியே அதை ஆன் செய்து, ஸ்லீப் போகாதபடி வைத்து, வைஃபையில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அப்டேட் பக்கத்தைத் திறந்து, இனி ஒன்றும் பாக்கியில்லை என்று சொல்லும்வரை தேடச் சொல்லி, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கும்போது ஷட்டவுன் செய்தால் விண்டோஸ் பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி ஆன் செய்யும்போது அதையே எடுத்து விரிக்கும். ரீஸ்டார்ட்தான் சுத்தமான தொடக்கம்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தினம் அரை மணி நேரம் மட்டும் ஆன் செய்து, "எப்பப் பாத்தாலும் இழுக்குது" என்று பத்து நாள் அலுத்துக்கொண்டார். தினமும் அந்த அரை மணியில் அப்டேட் பாதி இறங்கும், அக்கா அணைத்துவிடுவார். ஒரே ராத்திரி என் வீட்டு வைஃபையில் விட்டோம், சரியாகிவிட்டது.

ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்னும் அப்படியேதான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

"மெதுவா இருக்கு" என்பது "உடம்பு சரியில்லை" என்பது போல. காய்ச்சலா, வயிற்று வலியா என்று தெரியாமல் மாத்திரை கொடுக்க முடியாது. அதற்கு டாஸ்க் மேனேஜர் போதும், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். இழுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்போது அதுவே கொஞ்சம் சிபியுவை, அதாவது அந்தச் சிப்பின் நேரத்தை, தின்னும், அதனால் பத்து வினாடி விட்டு எண்களைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து கிடக்க, கீழே வேகம் மட்டும் 2, 3 எம்பி என்று காட்டினால் நோய் டிஸ்க்கில் இருக்கிறது. மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. சிபியு 100 சதவீதம், ஆனால் அதன் கீழே ஸ்பீடு என்ற இடத்தில் ஒன்றுக்குக் குறைவான எண் என்றால் கரன்ட்டோ சூடோ காரணம். சிபியு 100, ஸ்பீடும் நன்றாகவே இருக்கிறது என்றால் ப்ராசஸஸ் பக்கத்தில் யார் தின்கிறார் என்று பாருங்கள், பெயர் மேலேயே இருக்கும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சிபியு 10, மெமரி 50, டிஸ்க் 5. எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆனால் உங்களுக்கு மட்டும் இழுக்கிறது. அப்படியானால் கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீர்கள். திரை, மவுஸ், இன்டர்நெட் இந்த மூன்றில் ஒன்றுதான். கீழே தனித்தனியாக வருகிறது.

டாஸ்க் மேனேஜரில் பேஸ் ஸ்பீடு 0.8 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. 3.4 என்று சொல்லி விற்றார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. என்100-இன் அதிகபட்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், உண்மைதான். சும்மா இருக்கும்போது 0.8 அளவுக்கு இறங்கி, வேலை வந்ததும் ஏறும். ஆட்டோ மீட்டர் மாதிரி நின்ற இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தால் கரன்ட் பில் யார் கட்டுவது? ஏதாவது கனமான பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஸ்பீடு என்ற எண் ஏறி ஏறி இறங்கினால் ஆரோக்கியம்.

ஏறவே மாட்டேன் என்கிறதே? எது செய்தாலும் 0.8-இலேயே நிற்கிறது.

அப்படியென்றால் யாரோ அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். பாதி நேரம் அந்த ஆள் அடாப்டர்.

முதலில் பெட்டியோடு வந்த அடாப்டர்தானா என்று பாருங்கள். என்100 பெட்டிகள் பலவற்றுக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர், அதாவது 36 வாட் அடாப்டர் வரும். வீட்டு வைஃபை ரவுட்டர் அடாப்டரும் 12 வோல்ட்தான், பின்னும் பெரும்பாலும் அதே தடிமன். ஆனால் ஒரு ஆம்பியரோ ஒன்றரையோ இருக்கும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு கருப்பு அடாப்டரும் பின்னிக் கிடக்கிற வீட்டில் மாறிப்போவது சகஜம். மாறினால் பெட்டி ஆன் ஆகும், சாதுவாக இருக்கும், யூடியூப் திறந்ததும் டப்பென்று அணைந்து எழுந்திருக்கும். டைப்-சி வழியாகக் கரன்ட் எடுக்கிற பெட்டியில் போன் சார்ஜரைச் செருகினால் கதை வேறு: சில பெட்டிகள் ஆன் ஆகவே ஆகாது, சில பெட்டிகள் கிடைத்த கரன்ட்டுக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். இங்கே ஓர் எச்சரிக்கை. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் பின் பொருந்துகிறது என்று 12 வோல்ட் பெட்டியில் செருகிவிடாதீர்கள். அதற்கப்புறம் வேகம் பற்றிக் கவலைப்பட ஒன்றும் மிஞ்சாது.

அடாப்டர் சரியானதுதான் என்றால், எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு மாட்டிப் பாருங்கள். மந்திரம் போலத் தெரியும், ஆனால் போர்டில் தேங்கிய கரன்ட் வடிந்து, மாட்டிக்கொண்ட பாதுகாப்பு சிக்னல் விடுபடும். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்று போய் பவர் மோடை உயர்ந்த செயல்திறனுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு பிடி பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் இருக்கும். என்100-க்கு இன்டெல் சொல்லும் கணக்கு 6 வாட். சில தயாரிப்பாளர்கள் அதை 10, 15 என்று விட்டு வைப்பார்கள், சிலர் 6-லேயே பூட்டியிருப்பார்கள். பூட்டிய பெட்டியில் முதல் அரை நிமிடம் வேகம் 3-ஐத் தொட்டு, பிறகு மளமளவென்று 2-க்குப் பக்கத்தில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆன் செய்தவுடன் டெலீட் விசையைத் தட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் பயாஸ் திறக்கும். பிஎல்1 என்ற பெயரிலோ, சைலன்ட், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்றோ ஒரு தேர்வு இருக்கும். உள்ளே விசிறி உள்ள பெட்டி என்றால் 15 வாட் வரை நான் தயங்காமல் வைப்பேன். விசிறி இல்லாத பெட்டியில் கை வைக்க வேண்டாம். சுற்றியுள்ள மற்ற நூறு வரிகளையும் தொடாதீர்கள்.

பெங்களூரு குளிர்ந்த ஊர்தானே, சூடு ஒரு பிரச்சினையா?

இதை 1990-இல் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு ஆமாம் என்றிருப்பேன். மார்ச், ஏப்ரல் மதியத்தில் ஷீட் கூரைக் கடைக்குள் நின்று பாருங்கள். ஊர் வெயிலைவிடப் பெட்டியை வைக்கிற இடம் இன்னும் முக்கியம். மானிட்டர் முதுகில் திருகி மாட்டுவது அழகுதான், ஆனால் மானிட்டரின் சூடும் இதன் சூடும் சேர்ந்துகொள்ளும். செட் டாப் பாக்ஸ் மேல், மூடிய ஷோகேஸுக்குள், சோபா குஷன் மேல், எல்லாமே தப்பான இடம்.

அல்சூரில் ஒரு தையல் கடை. வாங்கி மூன்று மாதமான பெட்டி, காலையில் பறக்கும், பதினோரு மணிக்கு மேல் பில் போட ஒரு நிமிடம். அடியிலிருந்த நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். விசிறியின் இதழ்களில் சிவப்பு, நீலம், ஜரிகை என்று கலர் கலராய் நூல் பஞ்சு, வளையம் கட்டின மாதிரி. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்ததும் சத்தம் மாறியது, வேகமும் வந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. டிஸ்க்காக இருக்கும் எஸ்எஸ்டி மேல் ஒட்டியிருந்த, சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேடில், ஒட்டும் முன் உரித்திருக்க வேண்டிய மெல்லிய நீலத் தாள் அப்படியே இருந்தது. ஃபேக்டரியில் யாரோ உரிக்க மறந்துவிட்டார்கள். அந்தத் தாள் இருக்கும்வரை பேடு சும்மா பேருக்குத்தான். உரித்து மறுபடி அழுத்தி வைத்தேன். கடைக்கார அக்கா அந்த நீலத் தாளை வாங்கி, "இதுக்கா இவ்ளோ நாள்?" என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறவர்களுக்கும் இதே கதைதான், பஞ்சுக்குப் பதில் ஊதுபத்தி சாம்பல்.

சூடு எவ்வளவு என்று எண்ணாகப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். என்100 தாங்கும் உச்சம் 105 டிகிரி. வேலை செய்யும்போது 70, 80 என்றால் கவலை வேண்டாம். 95-ஐத் தாண்டி நின்று, தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் ஆம் என்று காட்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். பிரித்தால் வாரன்டி போய்விடுமா என்று முதலில் கார்டைப் பாருங்கள். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் விற்றவரிடமே கொண்டு போங்கள்.

புது 4கே டிவியில் மாட்டினேன். மவுஸ் தண்ணீருக்குள் போவது போல அசைகிறது. படம்கூட ஒழுங்காக ஓடுகிறது, மவுஸ் மட்டும்தான் இப்படி.

இதை அப்படியே சொன்னவர் ஹெச்ஏஎல்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு மாமா. "தண்ணிக்குள்ள கையை ஆட்டுற மாதிரி இருக்கு தம்பி" என்றார். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தேவைப்படவில்லை. திரை வினாடிக்கு 60 தடவைக்குப் பதில் 30 தடவைதான் மாறிக்கொண்டிருந்தது.

ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கே படம் 30 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும், அதுவும் பெட்டியின் துளை, வயர், டிவியின் துளை மூன்றிலும். சில டிவிகளில் ஒரு துளை மட்டும் 60 கொடுக்கும், சிலவற்றில் அந்தத் துளைக்கு டிவி மெனுவில் ஒரு அமைப்பை ஆன் செய்ய வேண்டும். சினிமா பொதுவாக வினாடிக்கு 24 பிரேம் என்பதால் படம் பார்க்கும்போது தெரியாது. மவுஸில்தான் உடனே தெரியும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பாருங்கள். 30 என்றிருந்தால் 60-க்கு மாற்றுங்கள். 60 பட்டியலிலேயே இல்லையென்றால் டிவியின் வேறு துளை, பிறகு வேறு வயர். அதுவும் ஆகாவிட்டால் ரெசல்யூஷனை 1080-க்கு இறக்குங்கள். மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "4கே டிவிக்குக் காசு குடுத்திருக்கேன்ல" என்றார். வயர் மாற்றினோம், இரண்டும் கிடைத்தது.

அதே பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே என்று இருந்தால் விஷயம் வேறு. டிரைவர் ஏறவில்லை. படம், ஸ்க்ரோல் எல்லாமே திணறும். அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் டிரைவர் காத்திருக்கும், அல்லது இன்டெல், ஏஎம்டி பக்கத்திலேயே கிடைக்கும்.

வயர்லெஸ் மவுஸ் நடுநடுவே தத்துகிறது. மவுஸ் புதுசு, பேட்டரியும் புதுசு.

மவுஸின் சின்ன ரிசீவர் எந்தத் துளையில் இருக்கிறது, பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 துளையில் ஹார்டு டிஸ்க்கோ பென் டிரைவோ ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும். இன்டெல்லே 2012-இல் இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. மவுஸ் ரிசீவரும் அதே அலைவரிசை, பழைய வைஃபையும் அதே. பெரிய கேபினட்டில் துளைகள் முன்னும் பின்னும் பிரிந்திருக்கும். மினி பெட்டியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, ரிசீவரை ஒரு முழம் தள்ளி மேசை மேல் கொண்டுவந்துவிடுங்கள். இந்தப் பக்கத்திலேயே மலிவான வைத்தியம் இதுதான்.

ராம் ஏற்றினால் சரியாகிவிடுமா?

கடைக்காரர் சொல்லியிருப்பார். அவருக்கு அதில் வியாபாரம், எனக்கு இதில் ஒன்றுமில்லை. மெமரி எண் 90-ஐத் தொடாமல் ராம் ஏற்றுவது, காலியான தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டுவது மாதிரி.

4 ஜிபியில் விண்டோஸ் 11 நிற்கும், நடக்காது. மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சம் என்று சொல்லும் அளவும் 4 ஜிபிதான், அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். 8 ஜிபியில் ஒரு டாலி, பத்து குரோம் டேப், ஒரு வாட்ஸ்அப் தாங்கும். பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பும் நடக்க வேண்டுமென்றால் 16 நிம்மதி.

"ராம் இரண்டாகப் போடு, வேகம் இரட்டிப்பாகும்" என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். என்100-க்கு மெமரிப் பாதையே ஒன்றுதான், பெரும்பாலான பெட்டிகளில் துளையும் ஒன்றுதான். அந்த அறிவுரை ஏஎம்டியின் ரைசன் சிப், பெரிய இன்டெல் சிப் உள்ள பெட்டிகளுக்கானது. அங்கே 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடுவதைவிட 8-ம் 8-மாகப் போட்டால் கேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் கண்கூடாக மாறும், ஏனென்றால் தனி கிராபிக்ஸ் மெமரி இல்லாமல் ராமிலிருந்துதான் எடுக்கிறது. ரைசன் பெட்டியில் "8 வாங்கினேன், 6-க்குப் பக்கம்தான் காட்டுது" என்று பதறுவதற்கும் காரணம் இதுவே. பயாஸ் 2 ஜிபியைக் கிராபிக்ஸுக்கு என்று எடுத்து வைத்திருக்கும், அதைக் குறைக்கலாம். ராம் வாங்கப் போகும் முன் உங்கள் பெட்டிக்கு டிடிஆர்4 வகையா டிடிஆர்5 வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மற்றொன்று உட்காராது. சில பெட்டிகளில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், அதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

எஸ்எஸ்டி என்றுதான் போட்டிருந்தது. ஆனாலும் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது.

எஸ்எஸ்டி என்ற ஒரே பெயரில் மாட்டு வண்டியும் விற்கிறது, ரயிலும் விற்கிறது. என்விஎம்இ வகை வினாடிக்கு 2000, 3000 எம்பி படிக்கும். சாட்டா வகை 550 எம்பியில் முட்டி நிற்கும், வீட்டு வேலைக்கு அதுவே தாராளம். மலிவுப் பெட்டிகளில் போர்டிலேயே ஒட்டி வரும் இஎம்எம்சி என்பது போன் மெமரியின் பழைய உறவு, படிக்க 300 எம்பிக்குள், எழுத இன்னும் குறைவு. 64 ஜிபி இஎம்எம்சியில் விண்டோஸே ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்ளும். மீதியும் நிரம்பிவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டும் யுத்தம். அப்படிப்பட்ட பெட்டியில் காலியாக எம்.2 துளை இருந்தால் அதில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை அங்கே மாற்றுவதுதான் ஒரே நல்ல செலவு. ராமுக்கு வைத்த காசையும் இதில் போடுங்கள்.

பழைய லேப்டாப்பின் சுற்றும் ஹார்டு டிஸ்க்கை மினி பெட்டிக்குள் போட்டு அதில் விண்டோஸ் ஏற்றியிருப்பவர்களும் உண்டு. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் தேடி எடுக்க அதனால் முடியாது, எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை எடுக்கும். ஹார்டு டிஸ்க்கைப் பாட்டும் படமும் வைக்க விடுங்கள்.

விவேக் நகரில் ஒரு கல்யாண போட்டோகிராபருக்கு வேறு மாதிரி. கேமரா கார்டிலிருந்து 60 ஜிபி காப்பி போட்டால் ஆரம்பத்தில் சரசரவென்று போகும், பாதியில் தேய்ந்து பழைய ஹார்டு டிஸ்க் வேகத்துக்கும் கீழே வந்துவிடும். அது கோளாறில்லை, மலிவு எஸ்எஸ்டியின் பிறவிக்குணம். கொஞ்சம் இடத்தை வேகமான முற்றமாக வைத்துக்கொண்டு முதலில் அங்கே கொட்டும். முற்றம் நிரம்பியதும் உள்ளறைக்கு மெதுவாக எடுத்து அடுக்க வேண்டும். டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் முற்றமே சின்னதாகிவிடும். தினமும் இப்படிக் கொட்டுகிறவர் கொஞ்சம் நல்ல எஸ்எஸ்டி வாங்க வேண்டியதுதான்.

ஐ7, 16 ஜிபி, பாதி விலைக்குக் கிடைத்தது. ஐ7 எப்படி மெதுவாக இருக்கும்?

எந்த வருஷத்து ஐ7? டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தின் மேல் வலது மூலையில் முழுப் பெயர் இருக்கும். ஐ7-4770 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 4 நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது. ஐ7-10700 என்றால் பத்தாம் தலைமுறை. விளம்பரத்தில் தலைமுறையைச் சொல்லாமல் ஐ5, ஐ7 என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் முறைப்படி ஏற்பு. அதற்குக் கீழே உள்ளதில் சுற்றுவழியில் ஏற்றித்தான் கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

பெயர் சின்னதாக இருப்பவற்றிலும் இதே கணக்கு. செலரான் ஜே4125 2019-ஐச் சேர்ந்தது, என்5105 2021, என்100 2023. மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே மாதிரிப் படத்தோடு விற்கும். என்100-ஐ 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் பக்கத்தில் வைக்கலாம். பில், படிப்பு, படம் இதற்கெல்லாம் பழுதில்லை. பெரிய கேமும் 4கே வீடியோ எடிட்டிங்கும் எதிர்பார்த்து வாங்கியிருந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

ஆன்டிவைரஸ் இரண்டு போட்டிருக்கிறேன், பாதுகாப்புக்கு. அதனாலா?

ஒரு வீட்டுக்கு இரண்டு வாட்ச்மேன் போட்டு, ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். கூட வந்த முப்பது நாள் இலவச ஆன்டிவைரஸை அகற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. பெயர் தெரியாத கம்பெனியின் மினி பெட்டி என்றால், அதில் ஏற்றி வந்த விண்டோஸை நான் வைத்துக்கொள்வதே இல்லை. 2024 தொடக்கத்தில் ஒரு மினி கம்ப்யூட்டர் தயாரிப்பாளரின் புத்தம் புதுப் பெட்டிகளில் தகவல் திருடும் வைரஸ் முன்கூட்டியே ஏறியிருந்தது வெளிவந்து, நிறுவனமும் ஒப்புக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் போட்டு, சுத்தமாக ஏற்றுங்கள். அதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்றிருந்தால் திரும்ப ஏற்றும்போது தானே ஆக்டிவேட் ஆகும். ஏதோ நிறுவனத்தின் சர்வர் மூலம் ஆக்டிவேட் ஆனதாகச் சொன்னால் உங்களுக்கு விற்கப்பட்ட உரிமமே சரியில்லை, அழிக்கும் முன் விற்றவரைப் பிடியுங்கள். இரண்டு, வைஃபை டிரைவரைத் தனிப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். புது விண்டோஸுக்கு அந்த மலிவு வைஃபை சிப்பைத் தெரியாமல் போனால், இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாமல், டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வராமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

குரோம் மட்டும்தான் மெதுவாக இருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது.

ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயரை இழுத்து மாட்டிப் பாருங்கள். வயரில் பறந்தால் குற்றவாளி வைஃபை. மினி பெட்டிக்குள் ஆன்டெனா நகக்கணு அளவுதான், பெட்டி இரும்பென்றால் இன்னும் மோசம், டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் கேட்கவே வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள், முடிந்தால் வயரிலேயே விடுங்கள்.

நான் வாங்கியது ராஸ்பெர்ரி பை. அதுவும் இழுக்கிறது.

திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் கரன்ட் போதவில்லை. பை 4-க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், போன் சார்ஜர் சரிவராது. 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், ஆகவே விசிறி போடுங்கள். மெமரி கார்டில் ஆப் ஓட்டத் தகுந்த வேகம் என்று காட்டும் ஏ2 அல்லது ஏ1 குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கோளாறு பெட்டியிலா, விண்டோஸிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே உள்ள டிஸ்க்கைத் தொடாது. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸே உங்கள் விண்டோஸைவிட வேகமாக யூடியூப் காட்டினால், சிபியுவும் ராமும் நன்றாக இருக்கின்றன. டிஸ்க்கையோ விண்டோஸையோ பாருங்கள். லினக்ஸும் அதே மாதிரி தவழ்ந்தால் பெட்டியில்தான் கோளாறு.

அப்படியானால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்குக் கொண்டு போகட்டுமா?

ஆன்லைனில் வாங்கியதென்றால் முதலில் திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று ஆர்டரில் பாருங்கள். அந்தக் கெடுவுக்குள் இருக்கும்போது பிரிக்கவும் வேண்டாம், வெளியில் காட்டவும் வேண்டாம். டாஸ்க் மேனேஜர் திரையை, சிபியு பெயரும் வேகமும் தெரிகிற மாதிரி, வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று எழுதினால் அவர்களும் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றுதான் எழுதுவார்கள். சொன்ன சிப்பும் வந்த சிப்பும் வேறு என்று படத்தோடு காட்டினால் பேச்சு குறையும். அப்படியும் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

கெடுவும் வாரன்டியும் போய்விட்டதென்றால், சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் எஸ்பி ரோடு நடக்கிற தூரம். எஸ்எஸ்டி மாற்ற, விசிறி மாற்ற அங்கே ஆள் உண்டு, பாதிக் கடையில் தமிழிலேயே பேசலாம். பெட்டியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கூடவே நின்று பாருங்கள். அடாப்டரை மறக்காமல் எடுத்துப் போங்கள், அங்கே வேறு அடாப்டரில் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் முக்கால்வாசிக் கடை பூட்டியிருக்கும்.